ஓடிக்கொண்டே இருக்கும் ‘ரன்’

மோட்டார் ரன் ஆகிறதா, ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ரன் ஆனது, சங்கத்தை ரன் பண்ண எவ்வளவு செலவாகிறது என்று நம் வளாகத்தில் தினமும் புழங்கும் சொல் ‘ரன்’. ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்கள் கொண்ட வினைச்சொல்லாக இன்று சொல்லப்படுவதும் இதுதான். ஆனால் முன்பு அந்த இடம் வேறு சொல்லுக்கு இருந்தது.

1755-இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட அகராதியில் ‘டேக்’ என்ற சொல்லுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. 1879-இல் ஆக்ஸ்போர்டு அகராதிப் பணியை ஜேம்ஸ் மர்ரே ஏற்றார். வீட்டுத் தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகைதான் அவருடைய அலுவலகம். பொதுமக்கள் பலர், தாங்கள் படித்த புத்தகங்களில் ஒரு சொல் எப்படி வருகிறது என்று துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். ஊதியமில்லாத அந்த உழைப்பால் வளர்ந்த அகராதி 1928-இல் நிறைவடைந்தது. அதைப் பார்க்க மர்ரே இல்லை, 1915-லேயே காலமாகிவிட்டார்.

1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ முதலிடம் பிடித்தது: சுமார் 430 பொருள்கள். அடுத்த திருத்தத்தில் ‘ரன்’ முந்தியது. அகராதியாளர் பீட்டர் கில்லிவர் சுமார் ஒன்பது மாதம் உழைத்து அதன் வினைப்பொருள்களை வகைப்படுத்தினார். மொத்தம் 645!

காரணம் இயந்திரங்கள். ரயிலும் ஆலையும் வந்தபோது அவற்றின் இயக்கத்துக்கு ஆங்கிலேயர்கள் இந்தப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். பிறகு கணினி நிரலும் ‘ரன்’ ஆனது. தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’. இதில் நாம் பிரிட்டன் பக்கம்: நம் வேட்பாளர்கள் ‘நிற்கிறார்கள்’.

பொருள் பெருகினால் மாற்றுச் சொல்லும் பெருகும். அப்படிப்பட்ட சொற்களைத் தொகுத்து மருத்துவர் பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் ‘தெசாரஸ்’ வெளியிட்டார். நம் பிள்ளைகள் கட்டுரை எழுத இன்றும் அந்த வகைத் தொகுப்புகளைப் புரட்டுகிறார்கள். அங்கேதான் கவனம் தேவை. நிறுவனத்தை ‘ரன்’ செய்வதற்கு ‘மேனேஜ்’ பொருந்தும். குழாயில் தண்ணீர் ‘ரன்’ ஆவதற்கு ‘ஃப்ளோ’தான் பொருந்தும். இடம் மாற்றிப் போட்டால் வாக்கியமே கெட்டுவிடும். எனவே, முதலில் அந்த இடத்தில் சொல்லின் பொருள் என்ன என்று பார்க்கச் சொல்லுங்கள்; மாற்றுச் சொல்லைப் பிறகு தேடலாம்.

நம் ‘ஓடு’ம் சளைத்ததல்ல. நேரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, சில நாள் ஒன்றுமே ஓடுவதில்லை! இன்னும் எத்தனை பொருள்கள் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து எண்ணிப் பாருங்களேன்.