குற்றாலமலைச் சாரலில் வனக்கல்வியின் வரவும் செலவும்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் மேற்கே எழும் மலைக்காடு கடந்த இருநூறு ஆண்டுகளில் கம்பெனித் தோட்டமாகவும், தாவரவியல் ஆய்வுக்களமாகவும், காப்புக்காடாகவும், சரணாலயமாகவும் மாறி மாறி வரையறுக்கப்பட்டது. அதுபோலவே அந்தக் காட்டைக் கற்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்ற ஏற்பாடும் மாறியது. வேலை முதலிலும் படிப்பு பின்னரும் வந்த காலத்தில் செலவு அரசைச் சார்ந்தது; பட்டம் முதலிலும் வேலை பின்னரும் என்று வரிசை புரண்டபோது, அச்செலவோடு வேலை கிடைக்காமற்போகும் ஆபத்தும் குடும்பத்தின் தலையில் இறங்கியது.

டச்சுக்காரர் வசமிருந்த மொலுக்காஸ் தீவுகளை 1796-இல் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, கிராம்பையும் சாதிக்காயையும் இந்திய மண்ணில் வளர்த்துப் பார்க்க முனைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவந்து சேர்க்கும் குற்றாலம் அதற்கு ஏற்ற இடமாகத் தோன்றவே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கம்பெனியின் நறுமணப் பயிர்த்தோட்டம் அமைந்தது. 1830-களின் நடுவில் இம்மலையில் தாவரங்களைச் சேகரித்த ராபர்ட் வைட், கம்பெனியின் சம்பளத்தில் இருந்த மருத்துவர். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையாவும் கோவிந்துவும் இந்திய ஓவியர்கள். இவர்கள் எவரும் இயற்கைவளப் பாதுகாப்பு என்று பெயர் தாங்கிய பட்டம் பெற்றவர்கள் அல்லர். தாவரத்தைக் கண்டு, பிரித்து, வரையும் அறிவு பார்த்த வேலையிலேயே முதிர்ந்தது. காட்டோடு வாழ்ந்த பளியர், காணிக்காரர் ஆகியோரின் மர அறிவும் மருந்தறிவும் அதற்கும் முந்தியவை. ஆயினும் பின்னாளைய பதவிப் படிநிலையில் அவ்வறிவுக்குத் தகுதியும் ஊதியமும் வகுக்கப்படவில்லை.

சென்னை மாகாணத்தில் 1856-இல் ஹியூ கிளெகார்ன் வனப் பாதுகாவலராகப் பொறுப்பேற்றார். 1864-இல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், மக்களின் உரிமைக் கோரல்களை விசாரித்துத் தீர்த்தபின் அரசு எல்லை குறித்து ஒதுக்கும் நிலத்தைக் காப்புக்காடு என வரையறுத்தது. எல்லை குறித்த காட்டுக்கு எல்லை காக்கும் ஆளும், வெட்டும் மரத்தைக் கணக்கிடும் ஆளும் தேவைப்பட்டனர். டேராடூனில் 1878-இல் தோன்றிய வனப்பள்ளியும், கோயம்புத்தூரில் 1912-இல் தோன்றிய சென்னை வனக்கல்லூரியும் இத்தேவையிலிருந்து பிறந்தவை. கோவைக் கல்லூரி முதன்மையாக ரேஞ்சர்களை, அதாவது பல காவற்பகுதிகள் சேர்ந்த வனச்சரகம் ஒன்றின் பொறுப்பாளர்களைப் பயிற்றியது. மாகாண அரசும் சமஸ்தானங்களும் பணிக்கெனத் தேர்ந்தவர்களை அங்கே அனுப்பியதால், பயிற்சி என்பது பெரும்பாலும் பணியின் முதற்கட்டமாகவே இருந்தது. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்த செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு இணைந்து, அந்தப் பக்கத்துக் காடும் தமிழ்நாட்டு வனத்துறையின் கைக்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

மாற்றம் 1980-களில் தொடங்கியது. வேளாண் பல்கலைக்கழகங்கள் வனவியலை நான்காண்டு இளநிலைப் பட்டமாக்கின. தமிழ்நாட்டில் அதன் நிலையான இருப்பிடமாக மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி வளர்ந்தது. 1988-இல் களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பின்னர் இன்றைய தென்காசி மாவட்டத்தின் ஆழ்வார்குறிச்சியில், மலையடிவாரத்திலேயே, அப்பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் அமைந்தது. காட்டருகே பிறந்த பிள்ளைகள் காட்டைப் பல்கலைக்கழகப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு இவ்வாறு கைக்கெட்டிய தூரத்துக்கு வந்தது.

ஆனால் படிப்புக்கும் பதவிக்கும் இடையே இருந்த நேர்வழி அற்றுப்போனது. 1966-இல் அமைந்த இந்திய வனப்பணித் தேர்வை வனவியல் பட்டதாரி மட்டுமன்றி, இயற்பியல், வேதியியல், கணிதம், பொறியியல் படித்தவரும் எழுதலாம். ரேஞ்சர் பணிக்கு ஆளெடுக்கும் வனத்தொழில் பழகுநர் தேர்விலும் பிற அறிவியல் பட்டதாரிகளுக்கு இடமுண்டு. வனக்காவலர் பணிக்குப் பட்டமே தேவையில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, அதாவது ஒரு திட்டத்தால் நிலம், நீர், உயிர்கள் ஆகியவற்றுக்கு விளையக்கூடியதை முன்கூட்டியே ஆராயும் நடைமுறை, 1994-இல் கட்டாயமானபின் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆய்வகங்களிலும் தனியார் வேலைகள் பெருகின. ஆய்வுத் திட்டப் பணிகளோ பெரும்பாலும் நிதி இருக்கும்வரை நீடிப்பவை.

இந்த நிலையில்தான் கல்விக்கடன் நுழைந்தது. இந்திய வங்கிகள் சங்கத்தின் 2001-ஆம் ஆண்டு மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையின்றிக் கடன் கிடைத்தது. படிப்பு முடிந்து ஓராண்டு, அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இவற்றுள் எது முந்தியதோ அப்போது தவணை தொடங்கியது. 2009-இல் வந்த மத்திய அரசின் வட்டி மானியம், ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்குத் தொழிற்கல்விக் கடனில் தவணை தொடங்கும்வரையிலான வட்டியை ஏற்றது. ஆனால் அசலும் அதன் பின்னைய வட்டியும் மாணவருடையவை. 4 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் 10 ஆண்டுகளில் அடைப்பதாகக் கணக்கிட்டால் மாதத்தவணை ஏறத்தாழ 5,290 ரூபாய். மொத்தம் செலுத்துவது 6.3 லட்சத்தைத் தாண்டும். 56,100 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்கும் இந்திய வனப்பணி அலுவலருக்கு அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 18,200 ரூபாயில் தொடங்கும் வனக்காவலருக்கோ கால்பங்குக்கும் மேல்.

ஆகவே பட்டத்தின் வரவையும் கடனையும் சீர்தூக்குபவர், அத்துறையின் சராசரிச் சம்பளத்தைவிட, எந்தப் பதவிக்கு அந்தப் பட்டம் உண்மையில் கேட்கப்படுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. பழைய ஏற்பாடும் முற்றாக மறைந்துவிடவில்லை: வைகை அணையிலுள்ள தமிழ்நாடு வனவியல் பயிற்சிக் கல்லூரியில் வனக்காவலர்களும் வனவர்களும் பணிக்குத் தேர்வான பின்னரே பயிற்சிக்கு வருகின்றனர். இம்மலைக்காட்டில் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் அவர்களும், கடன் வாங்கிப் படித்துத் திட்டப் பணியில் சேர்ந்த பட்டதாரியும் ஒரே பாதையில் நடந்து ஒரே கணக்கெடுப்பைச் செய்யக்கூடும். முன்னவரின் பயிற்சி அரசின் செலவு, பின்னவரின் கல்வி இன்னும் தீராத தவணை.