கருமுட்டைக்கு ஒரு பத்தியம்

குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் இறங்குமுன் மூன்று மாதமாவது கருமுட்டையைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. மாதுளை, அத்திப்பழம், வால்நட், எள்ளுருண்டை, கூடவே கோஎன்சைம் கியூ10 என்றொரு மாத்திரை. பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும். 'இயற்கை' என்ற சொல்லும் 'முன்னோர் அறிந்ததுதான்' என்ற உறுதியும் மட்டும் மாறுவதில்லை. அந்த உறுதி வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம். கருமுட்டைக்கென்று பத்தியம் இருக்கும் வழக்கம் மிகவும் இளையது. அது அடுப்படியில் பிறக்கவில்லை, ஆய்வகத்தில் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால், பிறந்த ஆய்வகத்திலேயே அதற்கும் முட்டைக்கும் சம்பந்தம் இருக்கவில்லை.

முன்னோர் முட்டையை அறிய வழியே இல்லை. மனிதக் கருமுட்டையின் விட்டம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அதுவும் சினைப்பைக்குள் புதைந்து கிடப்பது. கருத்தரிக்கப் பருவம், நிலம், நீர், விதை ஆகிய நான்கும் கூடிவர வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. பயிர் செய்கிறவனின் கண்ணோட்டம் அது. நிலம் என்றது கருப்பையை. சித்த மருத்துவம் ஆணின் சுக்கிலமும் பெண்ணின் சுரோணிதமும் கலப்பதைப் பேசியது. பூப்பெய்திய பெண்ணுக்கு நம் வீடுகளில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தவர்கள் இடுப்பும் கருப்பையும் வலுப்பெற வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். நல்ல உணவு, அதில் தகராறு இல்லை. அதை இன்று கருமுட்டையின் கணக்கில் வைப்பது பழைய தேதி போட்டு எழுதிய ரசீது. ஐரோப்பாவின் நிலையும் மேலானதல்ல. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, அரசர் முதலாம் சார்லஸின் பெண் மான்களை இணைசேர்ந்த பின் அறுத்து அறுத்துப் பார்த்தார், ஒன்றும் தென்படவில்லை. எல்லா உயிரும் முட்டையிலிருந்தே வருகிறது என்ற கருத்தை 1651இல் நூலாக்கிய அவரே பாலூட்டியின் முட்டையைப் பார்த்ததில்லை. பார்த்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர். ஒரு பெண் நாயின் சினைப்பையில், நுண்ணோக்கியின் துணையோடு, 1827இல்தான் அது நடந்தது.

உணவுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஆய்வகம் போட்ட முதல் பெரிய முடிச்சு 1922இல் விழுந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஹெர்பர்ட் எவன்ஸ், காத்தரின் ஸ்காட் பிஷப் என்ற இருவர், எலிகளுக்குச் சுத்திகரித்த தீனி கொடுத்து வளர்த்தார்கள். பால்புரதம், மாவுச்சத்து, கொழுப்பு, உப்புகள், அதுவரை தெரிந்த வைட்டமின்கள் எல்லாம் அதில் இருந்தன. எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, இணைசேர்ந்தன, சினைப்பட்டன. ஆனால் குட்டி மட்டும் வரவில்லை. வயிற்றுக்குள்ளேயே சிசுக்கள் இறந்து கரைந்துபோயின. தீனியில் லெட்டூஸ் கீரை சேர்த்ததும் குட்டிகள் பிறந்தன. பின்னர் கோதுமை மணியின் முளைப்பகுதி கீரையைவிட வலுவாக வேலை செய்தது. பெயரில்லாத அந்தப் பொருளுக்கு 1924இல் வைட்டமின் ஈ என்ற பெயர் கிடைத்தது. 1936இல் எவன்ஸின் குழு கோதுமை முளை எண்ணெயிலிருந்து அதைத் தனியே பிரித்தெடுத்து, பெயர் வைக்கப் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியரை நாடியது. பிள்ளைப்பேற்றைக் குறிக்கும் 'டோகோஸ்', தாங்கி வருவதைக் குறிக்கும் 'ஃபெரைன்' என்ற இரு சொற்களைக் கோத்து அவர் தந்த பெயர்தான் டோகோஃபெரால். இன்றும் மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் அது இருக்கிறது.

இந்தச் சோதனையைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். அந்த எலிகளின் முட்டையில் பழுது இல்லை. முட்டை வெளிப்பட்டது, கருவுற்றது, கருப்பையில் பதிந்தது; பதிந்த பிறகே கரு மடிந்தது. இந்த நுட்பம் மருந்துக்கடைவரை பயணப்படவில்லை. 'மலடு நீக்கும் வைட்டமின்' என்ற பட்டம் மட்டும் பயணப்பட்டது. (அந்தச் சொல்லின் கொடுமை அக்காலத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.) டென்மார்க்கில் ஃபோக்ட்-மொல்லர் என்ற மருத்துவர், திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களுக்குக் கோதுமை முளை எண்ணெய் கொடுத்துப் பலன் கண்டதாக 1931இல் எழுதினார். கனடாவில் இவான் ஷூட் இதையே கருவுற்ற பெண்களிடம் பரவலாகக் கையாண்டு, பிறகு சகோதரரோடு சேர்ந்து அதே வைட்டமினை இதயநோய்க்கும் பரிந்துரைத்தார். எண்ணெய் குடிக்காத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், தொடர்ந்து கரு கலைந்தவர்களில் பலர் எந்த மருந்துமின்றியே அடுத்த முறை பிள்ளை பெறுகிறார்கள் என்பது புலப்பட்டிருக்கும். போதாக்குறைக்கு, எலிக்கு அந்தப் பற்றாக்குறையை வலிந்து உண்டாக்க வேண்டியிருந்தது. சாதாரணமாகச் சாப்பிடும் மனிதருக்கு அது அரிது. சமையல் எண்ணெயிலும் கொட்டைகளிலும் தானியங்களிலும் வைட்டமின் ஈ தாராளமாகவே இருக்கிறது.

முட்டை எப்போது குற்றவாளிக் கூண்டில் ஏறியது? ராபர்ட் எட்வர்ட்ஸ் 1960களில் மனித முட்டைகளைக் கண்ணாடித் தட்டில் முதிரவைத்துப் பார்த்தார். அவரும் பாட்ரிக் ஸ்டெப்டோவும் ஜீன் பர்டியும் உழைத்த உழைப்பில் 1978 ஜூலை 25 அன்று உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் பிறந்தார். அந்தப் பிறப்புக்குப் பயன்பட்டது, இயல்பான மாதச் சுழற்சியில் கிடைத்த ஒரே ஒரு முட்டை. பின்னால் ஊசிமருந்தால் ஒரே சுழற்சியில் பல முட்டைகள் எடுக்கத் தொடங்கியபோதுதான் அவற்றை அருகருகே வைத்து இது நல்லது, இது சுமார் என்று தரம் பிரிக்க முடிந்தது. 'முட்டைத் தரம்' என்ற பேச்சு அந்தத் தட்டிலிருந்து எழுந்தது. அதற்கு முத்திரை குத்தியது 1990இல் சாவர், பால்சன், லோபோ ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கை: இளம்பெண்கள் தந்த முட்டைகளைக் கொண்டு நாற்பது கடந்த பெண்களும் நன்றாகவே கருவுற்றார்கள். கருப்பை மூப்படைகிறது என்று அதுவரை நினைத்தவர்களுக்கு, மூப்பு முட்டையில் என்று தெரிந்தது. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை சென்னையில் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆக, சிகிச்சை நம்மூருக்கு வந்தபோதே பழி கருப்பையை விட்டு முட்டைக்கு மாறிவிட்டது. கருப்பைக்கென்று இருந்த உணவுகள் புது முகவரிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

மூன்று மாதக் கெடு மட்டும் வெறும் கற்பனையல்ல. பிரெஞ்சு ஆய்வாளர் அலன் குஜோன் 1986இல் போட்ட கணக்கின்படி, சினைப்பையில் முட்டையைச் சுமக்கும் நுண்பை ஒன்று வளர்ச்சியின் ஒரு கட்டத்திலிருந்து முட்டை வெளியாகும் நிலைக்கு வரச் சுமார் 85 நாள் ஆகிறது. அந்த நாட்களில் உடம்புக்குள் போவது முட்டையைத் தொடாமலா இருக்கும் என்று கேட்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. முட்டை தன் குரோமோசோம்களைப் பங்கிடும் கடைசி மணிநேரங்களுக்கு நிறைய ஆற்றல் வேண்டும். ஆற்றல் தருவது மைட்டோகாண்ட்ரியா. அங்கே வேலை பார்ப்பது கோஎன்சைம் கியூ10. முதிய சுண்டெலிகளுக்கு அதைக் கொடுத்ததில் முட்டைகள் மேம்பட்டதாக 2015இல் ஓர் ஆய்வும் வந்தது. எலியிலிருந்து மனுஷிக்கு எட்டு வைப்பதில் 1931இல் காட்டிய அவசரத்தையே மறுபடி காட்ட வேண்டுமா என்பதுதான் என் தயக்கம். மேலும், முட்டையின் ஆயுள் 85 நாள் அல்ல. பெண்சிசு தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் குரோமோசோம் பங்கீட்டைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக் காத்திருக்கின்றன. 38 வயதில் வெளிவரும் முட்டை 38 ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை. அதற்குள் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடிக்கும் புரதக் கட்டு தளர்ந்துவிடுகிறது. அவிழ்ந்த கட்டை மாதுளைச்சாறு திரும்ப முடிந்ததாக யாரும் காட்டியதில்லை. 'இயற்கை' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை: கோஎன்சைம் கியூ10 முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1957இல், விஸ்கான்சினில், மாட்டின் இதயத்திலிருந்து.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் என்ன என்பது இன்னொரு கேள்வி. கோஎன்சைம் கியூ10 போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளைப் பற்றிய சோதனைகளைக் காக்ரேன் அமைப்பு 2020இல் தொகுத்துப் பார்த்து, பலன் இருக்கலாம், ஆனால் சான்றின் தரம் தாழ்வு என்றது. நியாயமான தீர்ப்பு, கதவை அது அடைக்கவில்லை. உணவும் உடற்பயிற்சியும் எனும்போது நெதர்லாந்தின் ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கும். உடல் எடை மிகுந்த 577 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைப் பயிற்சிக்குப் பின் சிகிச்சை. மற்றவர்களுக்கு உடனே சிகிச்சை. 2016இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுக்குள் நிறைமாதத்தில் சுகப்பிரசவமாக ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் பயிற்சிக் குழுவில் 27.1 விழுக்காடு, உடனே சிகிச்சை பெற்றவர்களில் 35.2 விழுக்காடு. பயிற்சிக் குழுவில் சிகிச்சையின்றி இயல்பாகக் கருத்தரித்தவர்கள் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எடை குறைந்தால் உடம்புக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் காத்திருப்புக்கும் விலை உண்டு. 25 வயதுக்காரிக்கு அந்த விலை சில்லறை. 39 வயதுக்காரிக்கு அப்படியல்ல. புகைபிடித்தலைக் கைவிடுவது மட்டும் இந்தத் தயக்கத்துக்கு வெளியே நிற்கிறது; புகைப்பவர்களுக்கு மாதவிலக்கு ஒன்று முதல் நான்கு ஆண்டு முன்னதாகவே நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவில், கருத்தரிப்பதற்கு முன்பே விழுங்க வேண்டிய மாத்திரை என்று திடமான சான்றோடு நிற்பது ஃபோலிக் அமிலம். அதன் கதை நம் நாட்டிலேயே தொடங்குகிறது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, நெசவாலைகளில் உழைத்த கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பண்டம் அதைக் குணப்படுத்துவதை 1931இல் அறிவித்தார். அதிலிருந்த பொருளை டெக்சாஸில் 1941இல் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் பெயரிட்டார்கள். முந்தைய கருவில் முதுகுத்தண்டுக் குறைபாடு கண்ட பெண்களிடம் ஏழு நாடுகளில் நடந்த சோதனை, கருத்தரிக்குமுன் தொடங்கி இதை உண்டவர்களுக்கு அந்தக் குறைபாடு மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்ததை 1991இல் காட்டியது. கரு உருவாகி நான்கு வாரத்துக்குள் முதுகுத்தண்டின் குழல் மூடிக்கொள்கிறது. கருவுற்றது உறுதியாகிப் பெண் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்வது அதற்காகத்தான்.