கரை திரும்பும் நேரம்: வெப்பமண்டலக் கடல் முன்னறிவிப்பின் அளவுகோல் குறித்து

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கத்துக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். 1864இல் கல்கத்தாவைப் புயல் சிதைத்தது. மறு ஆண்டே அங்குத் துறைமுக எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அமைந்தது 1875இல்தான். துறையே பிறக்காத காலத்தில் எச்சரிக்கை பிறந்துவிட்டது. அதைக் கேட்கும் இடத்தில் துறைமுகமும் சரக்குக் கப்பலும் இருந்தன. புயல் எப்போது, எங்கே கரை ஏறும் என்ற கேள்விக்கு விடை சொல்வதே அதன் வேலை. செயற்கைக்கோளும் மீக்கணினியும் வந்த பின்னும் முன்னறிவிப்பின் சட்டகம் இந்தக் கேள்வியை விட்டு அதிகம் நகரவில்லை. வெப்பமண்டலக் கடலில் சிறு படகுகள் சந்திக்கும் சேதத்துக்குக் கணிப்பின் பிழையைவிட இந்தச் சட்டகமே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். ஒக்கி புயல், கள்ளக்கடல் என்ற இரு நிகழ்வுகளை வைத்து அதைப் பார்க்கலாம்.

2017 நவம்பர் 29 காலையில் இலங்கையின் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. இலங்கையைக் கடந்து குமரிக்கடலுக்கு வந்து, 30ஆம் தேதி காலையில் அது ஒக்கி புயலாகிவிட்டது. தாழ்வு மண்டலம் புயலாக எடுத்துக்கொண்ட நேரம் ஒரே நாள். கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு 29ஆம் தேதியே வந்தது உண்மை. புயல் என்ற சொல்லோடு அறிவிப்பு வெளியானபோது 30ஆம் தேதி நண்பகல் ஆகியிருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் படகுகள் அப்போது பல நாள் தங்கலில் இருந்தன. ‘போக வேண்டாம்’ என்ற சொல் ஏற்கெனவே போய்விட்டவரிடம் எதையும் சொல்வதில்லை. நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள்.

எளிய கணக்கு ஒன்று. படகு மணிக்கு 7 கடல் மைல் ஓடும் என்று கொள்வோம். 150 கடல் மைல் தொலைவில் இருப்பவர் கரை சேர 21 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் கடல் அமைதியாக இருந்தால். ஒக்கி புயலாக வளர எடுத்த நேரமும் கிட்டத்தட்ட அதுவே. அதாவது, புயல் என்று உறுதியான பிறகு அவரிடம் சொல்லும் எச்சரிக்கை, எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், காலம் கடந்தது.

இந்த அவசரம் வெப்பமண்டலத்துக்கே உரியது. பூமியின் சுழற்சி காற்றின் மீது செலுத்தும் விலக்கு விசை அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. 30 டிகிரியில் அது 0.5, ஒக்கி தோன்றிய 6 டிகிரியை ஒட்டி ஏறத்தாழ 0.1. விசை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குவதால் அழுத்த வரைபடத்தைப் பார்த்துக் காற்றை ஊகிக்கும் மிதமண்டல முறை இங்கே சரிவர உதவாது. ஆட்சி இடிமேகக் கூட்டங்களின் கையில் இருக்கிறது. அவை வெளிவிடும் உள்ளுறை வெப்பம் மையத்தில் குவிந்தால் சில மணி நேரத்தில் எல்லாம் மாறிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நீரில் புயல் பிறக்காது என்ற பாடநூல் விதியும் தளர்ந்துவிட்டது. 2001 டிசம்பர் இறுதியில் சிங்கப்பூர் அருகே ஏறத்தாழ 1.5 டிகிரியில் வாமெய் சூறாவளி உருவானது.

இப்படிப்பட்ட நீரில் நாம் பயன்படுத்தும் எச்சரிக்கைப் படிநிலை எது? காற்று 34 நாட்டை, அதாவது மணிக்கு 34 கடல் மைலைத் தொட்டால்தான் புயல். அப்போதுதான் பெயரும் கிடைக்கும். 33 நாட் வரை அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமே. நகரத்து வீட்டுக்கு இந்த ஒரு நாட் வேறுபாடு பொருளற்றது. சிறு படகுக்கோ 28 நாட்டே போதுமான ஆபத்து. 72, 48, 24 மணி நேரம் என்று இறங்கி வரும் அறிவிப்பு நிலைகளும் கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்டவை. ஒக்கி கன்னியாகுமரியில் கரை ஏறவே இல்லை. கடலோரமாகச் சென்று, லட்சத்தீவைத் தாக்கி, வலுவிழந்து தெற்கு குஜராத்தை அடைந்தது. கரை கடப்பதை மையமாகக் கொண்ட படிநிலையில், கடலிலேயே கொன்றுவிட்டுப் போகும் புயலுக்குச் சரியான இடம் இல்லை.

கள்ளக்கடல் இதற்கு நேர்மாறு. அங்கே நேரம் தாராளமாக இருக்கிறது, ஆனால் அறிகுறி கிடையாது. வானம் தெளிவு, காற்று மெல்லியது. கடல் திடீரென்று ஊருக்குள் ஏறுகிறது. அலை பிறந்த இடம் தெற்குப் பெருங்கடலில், நாற்பது டிகிரி தென் அட்சத்தையும் தாண்டி. 18 விநாடி அலைவு நேரம் கொண்ட நீண்ட அலை ஆழ்கடலில் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றலைக் கடத்தும். 5,500 கிலோமீட்டர் கடக்க நான்கரை நாள். பெருங்கடலையே தாண்டும் இந்த அலைகளை 1960களில் வால்டர் மங்க் குழுவினர் பசிபிக் முழுவதும் பின்தொடர்ந்து அளந்து காட்டிவிட்டார்கள். 2007 மே மாதம் மாலத்தீவுகளை இத்தகைய அலைகளே மூழ்கடித்தன.

ஆக, அறிவியல் தெரிந்ததே. முன்னறிவிப்பில் வரும் எண்ணில்தான் கோளாறு. ‘அலை உயரம் 2 மீட்டர்’ என்று படிப்பவர் அதை வழக்கமான கடலாகவே எடுத்துக்கொள்வார். முதலாவது, அந்த எண் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் இரு மடங்குவரை எழலாம். இரண்டாவதுதான் முக்கியம். கரையில் நீர் ஏறும் உயரம் தோராயமாக அலை உயரத்தையும் அலைநீளத்தையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். 8 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 100 மீட்டர்; 18 விநாடி அலைக்கு 505 மீட்டர். ஒரே 2 மீட்டர், ஆனால் நீர் 2.25 மடங்கு மேலே ஏறுகிறது. ஆபத்தைச் சொல்லும் எண் அலைவு நேரம். அது அறிவிப்பின் ஓரத்தில் கிடக்கிறது. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் வரும்போது காணாமலே போய்விடுகிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதற்கு முந்தைய நாள்களிலேயே ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் எச்சரித்திருந்தது.

மரபறிவைத் துணைக்கு அழைப்பது இத்தகைய கட்டுரைகளில் வழக்கம். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றைப் பிரித்தறிந்து, நீவாடு (நீரோட்டம்) பார்த்துத் தொழில் செய்த அறிவின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அது கரைக்கடலில், கட்டுமரத்தின் எல்லைக்குள் விளைந்த அறிவு. லட்சத்தீவுக்கு அப்பால் சூரை தேடும் படகுக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது. தென் அரைக்கோளத்தில் பிறந்த அலையை நம் கரையின் காற்று அறிவிக்கவும் அறிவிக்காது. மரபைப் புகழ்ந்துவிட்டு அரசின் பொறுப்பைக் குறைக்கும் எழுத்து எனக்கு உவப்பானதில்லை.

வலுவான எதிர்வாதம் வேறு. உறுதியாகும் முன்பே எச்சரித்தால் பொய் எச்சரிக்கை பெருகும். டீசலும் ஐஸும் வீணாகும். நாளடைவில் யாரும் நம்பமாட்டார்கள். பெரும்பாலான தாழ்வு மண்டலங்கள் புயலாவதில்லை என்பதும் சரியே. எல்லோருக்கும் ஒரே எச்சரிக்கை என்று வைத்துக்கொண்டால்தான் இந்த வாதம் நிற்கும். 20 கடல் மைலில் இருப்பவர் உறுதிக்காகக் காத்திருக்கலாம். 70 சதவீத வாய்ப்பு என்றாகும்வரை வலை இழுக்கலாம். 200 கடல் மைலில் இருப்பவர் 20 சதவீதத்திலேயே திரும்ப வேண்டும், ஏனெனில் அவருக்கு அடுத்த வாய்ப்பு இல்லை. வளிமண்டலம் ஒன்றே, தொலைவுக்கு ஏற்ப முடிவின் வாசல் மாறுகிறது. புயல் உருவாகும் வாய்ப்பைக் குறைவு, மிதம், அதிகம் என்று பல நாள் முன்பே சொல்லும் வழக்கம் இன்று வானிலை ஆய்வுத் துறையிடம் இருக்கிறது. அந்த வாய்ப்பைக் கரை திரும்பும் நேரத்தோடு பிணைத்து, ‘இன்ன தொலைவுக்கு அப்பால் உள்ளவர்கள் இன்ன மணிக்குள் திரும்புக’ என்று எழுதுவதே மிச்சம்.

அதற்குப் படகு எங்கே நிற்கிறது என்பது தெரிய வேண்டும். ஒக்கிக்குப் பின், 2019இல் வெளியான ஜெமினி கருவி செயற்கைக்கோள் வழியாகச் செய்தியை நடுக்கடல்வரை கொண்டுபோகிறது. ஆனால் அதன் வழியாகப் படகிலிருந்து பதில் வராது. இருவழிக் கருவி இருந்தாலும் தயக்கம் இருக்கும். மீன் படும் இடத்தை எந்த மீனவரும் வெளியில் சொல்வதில்லை. எல்லை தாண்டினார் என்ற வழக்கில் அதே இடத்தரவு சான்றாகலாம் என்ற அச்சமும் நியாயமானது. உயிர்காப்புக்குத் தரும் இடத்தரவை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை என்ற சட்ட உறுதியை மீன்வளத் துறையும் கடலோரக் காவல்படையும் சேர்ந்துதான் தர முடியும். அது இல்லாதவரை அணைத்து வைக்கப்பட்ட கருவிகளைத்தான் படகுகளில் எதிர்பார்க்க வேண்டும்.