மூடிய கதவும் அமைதியான பிள்ளையும்

நேற்றுவரை ஓடியாடிய பிள்ளை இன்று காலை கண் திறவாமல் கிடக்கிறது. உடல் கொதிக்கிறது, காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பெற்றோர் அதனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைகின்றனர். இது எந்நாட்டிலும் எக்காலத்திலும் நிகழ்வதே. ஆனால் மருத்துவமனை வாசலை அடைந்த பின்பு அப்பெற்றோருக்கு என்ன நேர்ந்தது என்பது காலத்திற்குக் காலம் மாறி வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் பெரும்பாலான மருத்துவமனைகளில் பிள்ளை உள்ளே எடுத்துச் செல்லப்பட்டது. பெற்றோர் வெளியே நிறுத்தப்பட்டனர். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றிற்று, எதனால் நிலைத்தது, எவ்வாறு மாறிற்று என்பதை இங்கு ஆராய்வோம். நோயுற்றோரைச் சந்திப்பதைத் தம் பணியின் ஒரு பகுதியாகக் கொண்ட ஆயர்களும், அப்பணிக்கு ஆயத்தமாகும் இறையியல் மாணவர்களும் கவனிக்கவேண்டிய வரலாறு இது.

வழக்கத்தின் தோற்றம்

பிள்ளைகளுக்கெனத் தனி மருத்துவமனை 1802ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஏற்பட்டது. லண்டனில் கிரேட் ஆர்மண்டு தெருவிலுள்ள ஒரு வீட்டில், சார்லஸ் வெஸ்ட் என்னும் மருத்துவரின் முயற்சியால், 1852 பிப்ரவரி 14 அன்று பத்துப் படுக்கைகளுடன் மற்றொன்று திறக்கப்பட்டது. அதுவரை அந்நகரின் பொது மருத்துவமனைகளில் சிறு பிள்ளைகளுக்கு எளிதில் இடம் கிடைத்ததில்லை. எனவே இத்தகைய நிறுவனங்கள் இரக்கத்தின் விளைவுகளே என்பதை நாம் முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பெற்றோரை விலக்கி வைத்த விதியும் தீய நோக்கத்துடன் பிறந்ததன்று. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல், தட்டம்மை ஆகிய நோய்கள் ஒரு பிள்ளையிடமிருந்து மற்றொரு பிள்ளைக்குப் பரவி, ஒரு கூடத்தையே அழிக்கக்கூடிய காலம் அது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அன்று இல்லை. வெளியிலிருந்து வருகிறவர் நோயைக் கொண்டுவரக்கூடும் என்னும் அச்சம் நியாயமானதே. ஆனால் இவ்வச்சத்துடன் வேறொரு காரணமும் நாளடைவில் சேர்ந்துகொண்டது. தாய் வந்து போன பின்பு பிள்ளை அழுதது; தாய் வராத நாளில் அது அமைதியாயிருந்தது. ஆகவே தாயின் வருகையே பிள்ளையைக் கலங்கச் செய்கிறது என்று செவிலியரும் மருத்துவரும் முடிவு செய்தனர். வந்த சில நாட்களில் பிள்ளை அழுகையை நிறுத்திவிடும். நிறுத்தியபின் அது கூடத்திற்குப் பழகிவிட்டது என்று கருதப்பட்டது.

இவ்வழக்கம் எவ்வளவு உறுதிப்பட்டிருந்தது என்பதை, லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரங்களைப் பற்றி 1949ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட பட்டியல் காட்டுகிறது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிறுதோறும் பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை மட்டுமே பிள்ளைகளைக் காணலாம். தூய பர்த்தொலொமேயு மருத்துவமனையில் புதன்கிழமை ஒன்றரை மணி நேரம். தூய தோமா மருத்துவமனையில் முதல் ஒரு மாதத்திற்குச் சந்திப்பே இல்லை. மாலை 7 மணி முதல் 8 மணி வரை, தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பெற்றோர் பார்த்துச் செல்லலாம். லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு அப்பால் நின்று காணலாம். மேற்கு லண்டன் மருத்துவமனையில் பார்வையாளருக்கு இடமே இல்லை. இவற்றுள் இரண்டு, அப்போஸ்தலர்களின் பெயரைத் தாங்கியவை. இடைக்காலத் துறவி மடங்களை அடுத்து, யாருமற்றோரை ஏற்றுக்கொள்ளும் இல்லங்களாகத் தொடங்கியவை.

மாற்றுக் குரல்கள்

இதற்கு முன்பே வேறு வழியைக் கண்டவர்கள் இல்லாமலில்லை. நியூகாசில் நகரில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்னும் மருத்துவர், 1920களிலேயே, தாம் பொறுப்பேற்றிருந்த குழந்தைகள் மருத்துவமனையில் தாய்மாரும் பிள்ளைகளுடன் தங்கி அவர்களைப் பேணுமாறு ஏற்பாடு செய்தார். நியூசிலாந்தில் ஹென்றி பிக்கரில், அவர் மனைவி செசிலி பிக்கரில் ஆகிய இருவரும், உதடு பிளந்து பிறந்த குழந்தைகள் முதலியோருக்கு அறுவை மருத்துவம் செய்தவர்கள். அவர்கள் நடத்திய மருத்துவமனையில் ஒவ்வொரு குழந்தையையும் அதன் தாயே கவனித்தாள். பல குழந்தைகளை ஒரே செவிலி மாறி மாறித் தொடும்போதே தொற்று பரவுகிறது, தாய் தன் குழந்தையை மட்டும் தொடுவதால் அது குறைகிறது என்று அவர்கள் எடுத்துக் காட்டினர். தாயை விலக்குவதற்குக் கூறப்பட்ட காரணமே தாயைச் சேர்ப்பதற்குரிய காரணமாயிற்று. எனினும் இம்முயற்சிகள் பரவலான மாற்றத்தை உண்டாக்கவில்லை. கூடங்கள் அமைதியாயிருந்தன, அமைதியாயிருக்கும் இடத்தில் குறை இருப்பதாக எவரும் எண்ணுவதில்லை.

அமைதியின் பொருள்

இவ்வமைதியின் பொருளை விளக்கியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்தில் எளிய குடும்பத்தில் பிறந்த இவர் மருத்துவரல்லர். இரண்டாம் உலகப் போரின்போது, அன்னா பிராய்டு லண்டனில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனிப்பது முதலிய சிறு வேலைகளைச் செய்துவந்தவர். அங்கே பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொண்டார். 1948ஆம் ஆண்டில் ஜான் பௌல்பியின் ஆய்வுக் குழுவில் சேர்ந்து, மத்திய மிடில்செக்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் கூடத்தில் நாள்தோறும் உட்கார்ந்து கவனித்தார்.

அவர் கண்டது இதுவே. தாயைப் பிரிந்த சிறு பிள்ளை முதலில் கதறி அழுகிறது, எதிர்க்கிறது. அடுத்த நிலையில் அழுகை அடங்குகிறது; பிள்ளை ஒடுங்கி, எதிலும் நாட்டமின்றி இருக்கிறது. இது பழகிப்போனதன் அறிகுறியன்று. நம்பிக்கை இழந்ததன் அறிகுறி. மூன்றாம் நிலையில் பிள்ளை மீண்டும் சிரிக்கிறது, எவரிடமும் போகிறது. ஆனால் தாய் வந்தால் அவளை அறியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மருத்துவமனை எதை நலம் என்று கொண்டாடியதோ, அதையே ராபர்ட்சன் காயம் என்று கண்டார். தாயின் வருகையால் எழுந்த அழுகையோ, உறவு இன்னும் உயிரோடிருப்பதற்குச் சான்று.

சொல்லால் இதை விளக்கியபோது மருத்துவர்கள் ஏற்கவில்லை. எனவே அவர் ஒரு சிறிய படக்கருவியை வாங்கினார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த லாரா என்னும் சிறுமி, தொப்புள் குடலிறக்கத்திற்கான அறுவைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைப் படமெடுத்தார். தமக்கு ஏற்ற காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்னும் குற்றச்சாட்டு எழாதபடி, நாள்தோறும் குறித்த நேரங்களில் எடுத்தார். கூடத்துச் சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரிந்தது. லாரா அதிகமாக அழவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு தாயைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும் நாளில் தன் பொருள்களையெல்லாம் எடுத்துக்கொண்டவள், தாயின் கையைப் பிடிக்க மறுத்தாள்.

1952ஆம் ஆண்டு நவம்பரில் ராயல் மருத்துவச் சங்கத்தில் சுமார் 300 பேர் முன்னிலையில் இப்படம் காட்டப்பட்டபோது கோபம் மூண்டது. தம் தொழிலை இழிவுபடுத்திவிட்டார் என்றனர் பலர். படத்தை விலக்கிக்கொள்ளவேண்டும் என்ற குரலும் எழுந்தது. அங்கே சினந்தவருள் டெர்மட் மெக்கார்த்தி என்னும் குழந்தை மருத்துவரும் ஒருவர். அவர் தம் கூடத்திற்குத் திரும்பியபோது, படத்தில் கண்டதையே தம் பொறுப்பிலுள்ள பிள்ளைகளிடமும் கண்டார். அவர் பணியாற்றிய அமர்ஷம் மருத்துவமனையில் தாய்மாருக்கு இடமளிக்கப்பட்டது. ராபர்ட்சன் தமது அடுத்த மருத்துவமனைப் படத்தை அங்கேயே எடுத்து, 1958ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1959ஆம் ஆண்டில், சர் ஹாரி பிளாட் தலைமையில் அமைந்த குழு, பெற்றோரின் வருகைக்குக் கட்டுப்பாடு இருத்தலாகாது என்றும், சிறு பிள்ளைகளுடன் தாய்மார் தங்க வசதி வேண்டும் என்றும் அரசுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை உடனே நடைமுறையாகிவிடவில்லை. 1961ஆம் ஆண்டில் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் பெற்றோரிடமே நேராகப் பேசினார். அவ்வாண்டிலேயே லண்டனில் தாய்மார் சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். மருத்துவமனை மருத்துவமனையாகக் கதவுகள் மெல்லத் திறந்தன. 1988ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஐரோப்பியச் சங்கங்கள் கூடி வகுத்த பத்து விதிகள் கொண்ட சாசனம், பெற்றோர் எந்நேரமும் உடனிருப்பதைப் பிள்ளையின் உரிமையாக அறிவித்தது.

நாம் கற்கவேண்டியது

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு பிள்ளையின் நோய் கூறப்படுகிறது. அறுவடை வயலில் திடீரென அவனுக்குத் தலைநோவு கண்டது, காரணம் சொல்லப்படவில்லை. நண்பகல்வரை தாயின் மடியில் இருந்து இறந்துபோனான். தீர்க்கதரிசியைத் தேடிச் சென்ற சூனேமியாள், வழியில் நலம் விசாரிக்கப்பட்டபோது, எல்லாம் சுகம் என்றே விடையளித்தாள். அவள் எலிசாவின் கால்களைப் பற்றிக்கொண்டபோது, கேயாசி அவளை விலக்க வந்தான். அவன் நோக்கமும் ஒழுங்கைக் காப்பதாகவே இருந்திருக்கலாம். எலிசா அவனைத் தடுத்தார். அவள் உள்ளம் துயருற்றிருப்பதை அவர் கண்டார்; அதன் காரணம் தமக்கு வெளிப்படுத்தப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. யவீருவின் வீட்டிலோ, இயேசு கூட்டத்தாரை வெளியே அனுப்பினார். பிள்ளையின் தகப்பனையும் தாயையும் தம்முடன் உள்ளே அழைத்துச் சென்றார். இருவரையும் வேறுபடுத்தி அறிந்த செயல் அது.

2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்று பரவியபோது, பல நாடுகளின் மருத்துவமனைகளில் பார்வையாளர் கட்டுப்பாடுகள் மீண்டும் வந்தன. தொற்றின் அபாயம் பொய்யன்று. ஆயினும் பெற்றோர் பிள்ளைக்குப் பார்வையாளர் அல்லர் என்பதை இவ்வரலாறு நமக்கு நினைவூட்டுகிறது. நோயுற்ற பிள்ளையின் வீட்டாரைச் சந்திக்கச் செல்லும் ஆயர், எல்லாம் சுகம் என்னும் விடையுடன் திரும்பிவிடலாம். அழாத தாயை விசுவாசத்தில் உறுதியானவள் என்று புகழ்ந்தும் விடலாம். அரை நூற்றாண்டுக் காலம் கற்றறிந்த மருத்துவர்கள் செய்த பிழை அதுவே. நோயின் காரணம் தெரியாதபோது, தெரியாது என்று சொல்லி அருகில் உட்கார்ந்திருக்க நமக்கு இயலும். அழுகையை அடக்குவது நம் பணியன்று. அழக்கூடிய இடத்தை உண்டாக்குவதே நம் பணி.