ஊர்வலத்துக்கு முன்னால் ஓர் உறுமல்

சான் பிரான்சிஸ்கோவிலும் சிட்னியிலும் தன்பாலீர்ப்பினரின் பிரைடு ஊர்வலம் புறப்பட்டுவிட்டது என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடும். அலங்கார வண்டிகளும் ஆட்டமும் பாட்டும் பிறகுதான். முதலில் வருவது மோட்டார் சைக்கிள் கூட்டம். ஓட்டுவது பெண்கள், பின் இருக்கையில் தோழியோ துணைவியோ வானவில் கொடியைப் பிடித்தபடி. சாமி புறப்பாட்டில் மேளம் முன்னால் போவதுபோல யாரோ யோசித்து வகுத்த முறை என்று தோன்றும். உண்மையில் அது இஞ்சின் சமாச்சாரம். அதற்கு வருமுன் வண்டி கடந்து வந்த தூரத்தைப் பார்த்துவிடலாம்.

1885 நவம்பரில் ஜெர்மனியின் கான்ஸ்டாட் ஊரில், காட்லீப் டைம்லர் உருவாக்கிய மரச்சட்ட வண்டியை அவருடைய மகன் பால் தெருவுக்கு ஓட்டிவந்தார். பெட்ரோல் இஞ்சினில் ஓடிய முதல் இருசக்கர வாகனம் என்று அதைத்தான் பலரும் சொல்வார்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் சூட்டுக்குழாய் இருக்கைக்கு நேர் கீழே இருந்தது. போகிற வழியில் இருக்கை தீப்பிடித்துக்கொண்டது. வண்டியின் உடம்புச் சூடு அன்றே தொடங்கிய தொல்லை.

பெண்கள் இந்த வண்டியில் ஏற அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. 1916இல் அகஸ்டா, ஆடலின் வான் பியூரன் என்ற சகோதரிகள் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார்கள். போர்க்களத்தில் செய்தி கொண்டுபோகும் வேலையைப் பெண்களாலும் செய்யமுடியும் என்று ராணுவத்துக்குக் காட்டுவதுதான் நோக்கம். வழியில் சிற்றூர்களில் போலீஸ் அவர்களைப் பிடித்தது. வேகமாக ஓட்டியதற்காக அல்ல, ஆண்களைப்போலக் காற்சட்டை போட்டதற்காக! பைக்ஸ் பீக் மலையுச்சி வரை வண்டியை ஏற்றிக் காட்டியும் ராணுவம் ஆடலினின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. 1940இல் தொடங்கிய ‘மோட்டார் மெய்ட்ஸ்’ என்ற பெண்கள் சங்கம் வேறு வழி பிடித்தது. சீருடையும் வெள்ளைக் கையுறையும் அணிந்து, யாரும் குறை சொல்லமுடியாத கண்ணியத்தோடு அணிவகுத்துப் போனார்கள்.

கண்ணியம் நெடுநாள் நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி-டேவிட்சன் செய்த சுமார் 90,000 ராணுவ வண்டிகளில் பல, போர் முடிந்ததும் உபரியாக மலிவு விலைக்கு வந்தன. ஊர் திரும்பிய இளைஞர்களுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. 1947 ஜூலையில் கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் நடந்த பந்தய விழாவில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் குடித்துக் கூத்தடித்தார்கள். பீர் பாட்டில் குவியலுக்கு நடுவே வண்டியில் சாய்ந்திருக்கும் ஒருவனின் படத்தை ‘லைஃப்’ பத்திரிகை வெளியிட்டது. அந்தப் படமே ஆளை உட்காரவைத்து எடுத்தது என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. எப்படியோ, அந்த ஒரு படத்தில் மோட்டார் சைக்கிள்காரன் ரவுடியாகிவிட்டான்.

மிச்சத்தை சினிமா பார்த்துக்கொண்டது. 1953இல் வந்த ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ கருப்புத் தோல் ஜாக்கெட்டோடு தோன்றினார். பிரிட்டனில் அந்தப் படத்துக்கு 1967 வரை தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அதில் பிராண்டோ ஓட்டியதோ பிரிட்டனில் செய்த டிரையம்ப் வண்டி! அவர் பிரபலமாக்கிய ஜாக்கெட் வகைக்கும் ஒரு கதை உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த இர்விங் ஷாட் 1928இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்கென்று ஐந்தரை டாலருக்கு ஒரு ஜாக்கெட் விற்றார். தனக்குப் பிடித்த சுருட்டின் பெயரான ‘பெர்ஃபெக்டோ’வையே அதற்கும் வைத்தார்.

அமெரிக்கத் தாய்மார்கள் பயந்த அதே உருவத்தை வேறு சிலர் ஆசையோடு பார்த்தார்கள். 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் தன்பாலீர்ப்பு ஆண்கள் சிலர் ‘சேட்டர்ஸ்’ என்ற மோட்டார் சைக்கிள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன்றும் அது இயங்குகிறது. நகரத்து மதுக்கூடங்களில் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து அள்ளிக்கொண்டு போகும் காலம் அது. மலையில் கூடாரம் போட்டால் கேட்க ஆளில்லை. வண்டி அவர்களுக்குச் சுதந்திரத்தின் சின்னம் என்றெல்லாம் எழுதுவார்கள். என்னைக் கேட்டால், போலீஸ் வராத இடத்துக்குப் போய்ச்சேர ஒரு வாகனம். முதல் பயன் அதுதான். பின்லாந்தில் டூகோ லாக்சோனென் என்ற ஓவியர், ‘டாம் ஆஃப் பின்லாந்து’ என்ற புனைபெயரில், தோல் உடை அணிந்த பைக் ஓட்டிகளை வரைந்து குவித்தார். ஒரு காலத்தில் ஒளித்து வைத்துப் பார்த்த அவருடைய ஓவியங்களை 2014இல் அந்நாட்டு அஞ்சல் துறை தபால்தலையாக வெளியிட்டது.

1969 ஜூனில் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்துக் கலகம் வெடித்தது. ஓராண்டு நிறைவில் ஊர்வலங்கள் தொடங்கின. 1976இல் சான் பிரான்சிஸ்கோ ஊர்வலத்துக்கு இருபது, இருபத்தைந்து பெண்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களோடு வந்து சேர்ந்தார்கள். இவர்களை எங்கே நிறுத்துவது? நடப்பவர்களுக்கு நடுவே விட்டால் வண்டி நடைவேகத்தில் ஊரவேண்டும். காற்றால் குளிரும் இஞ்சினுக்கு வண்டி ஓடினால்தான் காற்று. நின்று நின்று நகர்ந்தால் கொதிக்கும். கிளட்சைப் பாதி பிடித்தே ஓட்டுவதில் தட்டு தேயும், இடது மணிக்கட்டு வலி எடுக்கும். வேகம் குறையக் குறைய இரண்டு சக்கரத்தில் நிலையாக நிற்பதும் கடினம். சாய்ந்தால் பக்கத்தில் நடப்பவர் காலில்தான் விழும். ஆகவே முன்னால் விட்டார்கள். டைம்லர் வீட்டுப் பையனின் இருக்கையைச் சுட்ட அதே சூடு, தொண்ணூறு ஆண்டு கழித்து இந்தப் பெண்களை ஊர்வலத்தின் தலைக்குக் கொண்டுபோனது.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் வேடிக்கையாகச் சொன்ன ‘டைக்ஸ் ஆன் பைக்ஸ்’ என்ற பெயரை ‘சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள்’ நாளிதழ் பிடித்துக்கொண்டது. டைக் என்பது பெண்ணை விரும்பும் பெண்ணைத் திட்டும் சொல். அதையே கொடியில் எழுதிக்கொண்டார்கள். பெயர் பிரபலமானால் நகல் எடுக்க ஆள் வருமே! விஸ்கான்சினில் ஒருவர் அதே பெயரில் துணி விற்க முயன்றதால், 2003இல் குழு வணிகச் சின்னப் பதிவுக்கு விண்ணப்பித்தது. அவர்களை இழிவுபடுத்தும் சொல் என்று அவர்களிடமே சொல்லி மறுத்தது அரசு அலுவலகம். போராடி அனுமதி வாங்கியதும், இது ஆண்களை அவமதிக்கிறது என்று ஓர் ஆண் வழக்குப் போட்டார். உங்களுக்கு இதனால் என்ன பாதிப்பு என்று 2007இல் நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு, ‘தி ஸ்லான்ட்ஸ்’ என்ற ஆசிய அமெரிக்க இசைக்குழு இதேபோன்ற பெயர்ச் சிக்கலில் உச்ச நீதிமன்றம் போனபோது இந்தப் பெண்களும் ஆதரவு மனு கொடுத்தார்கள். 2017இல், இழிவுபடுத்தும் பெயர்களைப் பதியத் தடை போட்ட அந்தச் சட்டப்பிரிவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

சிட்னிக்குப் போன பாதையும் சான் பிரான்சிஸ்கோவில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து வந்த ஆதரவு கோரும் கடிதத்தைத் தொடர்ந்து 1978 ஜூன் 24 இரவு சிட்னியில் மார்டி கிரா என்ற பெயரில் ஊர்வலம் நடந்தது. முன்னால் போனது பாட்டு போட்டுக்கொண்டு ஒரே ஒரு லாரி. போலீஸ் அதை மடக்கியது. 53 பேரைக் கைது செய்தது. அவர்களின் பெயர், முகவரி, வேலை எல்லாவற்றையும் அச்சிட்ட ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ 2016இல்தான் மன்னிப்புக் கேட்டது. ஊர்வலம் 1981இல் குளிர்கால ஜூனிலிருந்து கோடைக்காலத்துக்கு மாறியது. 1988இல் மோட்டார் சைக்கிள் பெண்கள் வந்தார்கள். அன்றிலிருந்து லாரியின் இடம் அவர்களுடையது.

சான் பிரான்சிஸ்கோவின் முதல் குழுவில் இருந்த சோனி வுல்ஃபை 2018 ஊர்வலத்துக்குத் தலைமை விருந்தினர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்வலத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில் அவர் இறந்துபோனார். குழு வழக்கம்போல முன்னால் போனது.

ஜூன் கடைசி ஞாயிறு சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் தெருவிலோ, கோடை இரவில் சிட்னியின் ஆக்ஸ்போர்டு தெருவிலோ நிற்க வாய்த்தால் ஒன்று சொல்லவேண்டும்: அரைமணி முன்பே போய்விடுங்கள். ஊர்வலம் மணிக்கணக்கில் நீளும். இவர்கள் மட்டும் சில நிமிடங்களில் கடந்துவிடுவார்கள்; இஞ்சின் சூடாகுமே!