ஒரு சிவப்பு மிதவையின் ஓராண்டு

அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள சுப்பீரியர் ஏரியிலிருந்து ஹியூரான் ஏரிக்கு இறங்குகிறது செயின்ட் மேரிஸ் ஆறு. மின்னசோட்டாவின் இரும்புத்தாது உருக்காலைகளுக்குப் போவது இந்த வழியாகத்தான். ஆயிரம் அடி நீளமுள்ள கப்பல்கள் இங்கே வளைவுகளில் திரும்பியாக வேண்டும். நீபிஷ் தீவின் மேற்கே பாறையை வெட்டி 1908-இல் திறந்த வழிக்கு அகலம் ஏறத்தாழ 300 அடி. மற்ற இடங்களில் ஆறு அகன்று கிடக்கும். ஆனால் ஆழம் எங்கே முடிகிறது என்பதைத் தண்ணீர் காட்டாது. ஓரத்தில் நிற்கும் மிதவைகள்தான் காட்டும். அவற்றில் ஒரு சிவப்பு மிதவையின் பின்னால் போவோம்.

எட்டடி விட்டம், அடி முதல் நுனி வரை 26 அடி, இரும்பு உடல். உச்சியில் எல்.இ.டி. விளக்கு, அதற்கு மின்சாரம் தரச் சூரியத் தகடு. மேலே சுப்பீரியரை நோக்கிப் போகும் கப்பலுக்கு இது வலப்பக்கம் இருக்கும்; எண் இரட்டைப்படை. இந்த நிறத்தையும் எண்ணையும் விதித்தது 1850-ஆம் ஆண்டுச் சட்டம். மிதவைகளும் கலங்கரை விளக்கங்களும் அதற்கு முன்பே, 1789-இல், மத்திய அரசின் பொறுப்பாகிவிட்டன. 1939-இல் அந்தப் பொறுப்பு கடலோரக் காவல்படைக்குப் போனது.

மிதவையின் ஆயுள் அதன் சங்கிலியில் இருக்கிறது. ஆழத்தைவிடச் சங்கிலி நீளமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை தூக்கும்போது அடியிலுள்ள கான்கிரீட் கட்டையும் சேர்ந்து நகர்ந்துவிடும். நீளமான சங்கிலியோ தரையில் புரளும். காற்றும் நீரோட்டமும் இழுக்க, மிதவை ஒரு சிறு வட்டத்துக்குள் அலைந்துகொண்டே இருக்கும். அப்போது தரையைத் தொட்டுத் தொட்டு எழும் கண்ணிகள் மற்றவற்றைவிட வேகமாகத் தேயும். காவல்படை ஊழியர்கள் மிதவையைக் கப்பல் தளத்தில் தூக்கிவைத்தால் முதலில் தேடுவது அந்தக் கண்ணிகளைத்தான். எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கிறது என்று அளந்து, போதாவிட்டால் அந்தப் பகுதியை வெட்டி மாற்றுவார்கள். அறுந்து மிதந்து போன மிதவை, இல்லாத மிதவையைவிட ஆபத்தானது. அது தவறான இடத்தில் நின்று வழி சொல்லும்.

ஓர் இரவு விளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியே போகும் கப்பல் வானொலியில் தகவல் சொல்கிறது. காவல்படை மற்றக் கப்பல்களுக்கு எச்சரிக்கை ஒலிபரப்புகிறது. உடனே ஆள் அனுப்புவதா, அடுத்த பயணத்தில் சரிசெய்வதா என்று முடிவெடுக்கிறது. பழுது நீங்கும்வரை ஒவ்வொரு மணிநேரமும் கணக்கில் ஏறும்.

அந்தக் கணக்குதான் காவல்படையின் மதிப்பெண். 1993-இல் வந்த சட்டம், அரசுத் துறைகள் தங்கள் வேலையின் விளைவை அளந்து காட்ட வேண்டும் என்றது. நாட்டின் மிதவைகளும் வழிகாட்டி விளக்குகளும் சரியாக வேலை செய்த நேரம் எத்தனை சதவீதம்? காவல்படை வைத்திருக்கும் இலக்கு 97.5. ஆண்டின் 8,760 மணிநேரத்தில் ஒரு மிதவைக்கு இது 219 மணிநேரத்தை விட்டுக்கொடுக்கிறது, அதாவது ஒன்பது நாள்.

என் கவலை இங்கேதான். சராசரியில் எல்லா மணிநேரமும் சமம். அகன்ற ஏரியில் அணைந்த விளக்கும், கடும் வளைவில் அணைந்த விளக்கும் ஒரே எடை பெறுகின்றன. வளைவில் ஒன்பது நாள் இருட்டு என்றால் எந்தக் கேப்டனும் ஏற்கமாட்டார். சர்வதேசக் கலங்கரை விளக்க அமைப்பான ஐஏஎல்ஏ, முக்கியத்துவத்தைப் பார்த்து மூன்று வகை பிரித்து 99.8, 99, 97 சதவீதம் என்று தனித்தனி இலக்கு வைக்கிறது. இதுவே நேர்மையான அளவுகோல் என்பேன். 99.8 என்றால் ஆண்டுக்குப் பதினேழரை மணிநேரம் மட்டுமே. பழுது பார்க்கும் படகு எங்கே நிற்க வேண்டும் என்பதையே அந்த எண் மாற்றிவிடும்.

இலையுதிர் காலத்தில் காவல்படை பேரேரிகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகளைத் தூக்கிவிடும். உறையும் பனி விளக்கை நொறுக்கும், மிதவையையே இழுத்துப் போகும். அதனால் பல இடங்களில் விளக்கில்லாத, பனியைத் தாங்கும் குளிர்கால மிதவை நிற்கும். 2006-இல் பணிக்கு வந்த மெக்கினா என்ற கப்பல் மிதவைகளையும் தூக்கும், குளிர்காலத்தில் பனியையும் உடைக்கும். பனி உடைக்கும் வேலைக்கு அளவுகோல் வேறு: முக்கிய நீர்வழிகள் பனியால் போக்குவரத்துக்கு மூடப்பட்ட நாட்கள். சராசரிக் குளிர்காலத்தில் இரண்டு நாள், கடுங்குளிரில் எட்டு நாள் என்று காவல்படை எல்லை வகுத்தது. எட்டு நாளையும் மன்னிக்கும் அந்த எண்ணில் பனியைப் பற்றிய அறிவு இருக்கிறது, 97.5-இல் அத்தகைய அறிவு இல்லை.

நம் சிவப்பு மிதவை கரையில் துருவும் மட்டியும் சுரண்டப்பட்டு, புது வண்ணம் பெறும். வசந்தத்தில் அது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்பதில்லை. வேறு எண் எழுதி வேறு வளைவுக்கு அனுப்பலாம். பழைய இடத்தில் இன்னொரு இரும்பு உடல் நிற்கும். இருண்ட மணிநேரங்கள் எழுதப்படுவது ஆற்றின் அந்த இடத்தின் பெயரில்தான்.