படிக்கும் முன்பே விழும் தீர்ப்பு

நிறம், எழுத்துரு, படம், வெற்றிடம், பொத்தான் ஆகியவற்றைத் திரையில் இடமறிந்து அமைப்பதே வலைத்தளத்தின் காட்சி வடிவமைப்பு. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1991இல் உலகுக்குத் திறந்துவிட்ட முதல் வலைத்தளத்தில் இதற்கு வேலையே இருக்கவில்லை. வெறும் எழுத்தும் இணைப்புகளும்தான். 1993இல் வந்த மொசைக் உலாவி எழுத்துக்கு நடுவே படத்தையும் காட்டியது. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழி 1996இல் தரநிலையான பிறகு எழுத்தின் அளவு முதல் ஓரத்தின் அகலம் வரை தளத்தை உருவாக்குபவரின் கைக்குள் வந்தது. தோற்றத்தின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது.

வருகிறவர் ஒரு வரிகூடப் படிப்பதற்குள் முடிவெடுத்துவிடுகிறார். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலைப்பக்கங்களை 50 மில்லிவிநாடி மட்டுமே காட்டி, பார்க்க நன்றாக இருக்கிறதா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு அது. அரை விநாடி பார்த்தவர்கள் தந்த மதிப்பீடும் பெரும்பாலும் இந்த மதிப்பீட்டுடன் ஒத்துப்போனது.

அழகு என்பது ரசனையோடு நிற்பதில்லை, நம்பிக்கைவரை போகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி. ஜே. ஃபாக் 2002இல் நடத்திய ஆய்வில் 2,600க்கும் மேற்பட்டோர் பல தளங்களின் நம்பகத்தன்மையை எடைபோட்டார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளில் 46.1 சதவீதம் தளத்தின் தோற்றத்தைப் பற்றியவை. பணம் புழங்கும் நிதித் தளங்களில் இது பாதியையும் தாண்டியது. உடன் நடந்த மற்றோர் ஆய்வில் மருத்துவ, நிதித் துறை வல்லுநர்கள் தோற்றத்தை விடத் தகவல் எங்கிருந்து வந்தது, யார் சொன்னது என்பதையே அதிகம் கவனித்தார்கள். துறை தெரியாதவருக்குக் கண்தான் சாட்சி. வங்கித் தளங்களை அச்சு அசலாக நகலெடுக்கும் மோசடிக்காரர்களுக்கு இது எந்த ஆய்வும் இல்லாமலே தெரிந்திருக்கிறது!

அழகானது எளிதாகவும் தோன்றும். 1995இல் ஜப்பானில் குரோசு, காஷிமுரா என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஏடிஎம் திரைகளின் பொத்தான்களைப் பலவிதமாக அடுக்கிக் காட்டினார்கள். கண்ணுக்கு இனிதாகத் தெரிந்த அடுக்கையே பயன்படுத்த எளிது என்றும் மக்கள் சொன்னார்கள். ஜப்பானியரின் அழகுணர்ச்சிதான் காரணமோ என்று சந்தேகப்பட்ட நோவாம் டிராக்டின்ஸ்கி, இஸ்ரேலில் அதே சோதனையைச் செய்தார். அங்கே இந்தத் தொடர்பு இன்னும் வலுவாக வெளிப்பட்டது.

இதற்காகத் தளத்தைத் தேர்போல் அலங்கரிக்க வேண்டியதில்லை. 2012இல் பிரிட்டிஷ் அரசு தொடங்கிய கவ்.யூகே தளத்தில் ஜிகினா கிடையாது: வெள்ளைப் பரப்பு, பெரிய எழுத்து, குறைந்த நிறங்கள். சாலைப் பலகைகளுக்காக ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வடித்த எழுத்துருவின் புதிய வடிவமே இத்தளத்தின் எழுத்து. காரில் போகிறவர் போகிறபோக்கில் படிக்கவென்று பிறந்த எழுத்து, அவசரத்தில் விண்ணப்பம் தேடுகிறவருக்கும் உதவுகிறது. லண்டன் டிசைன் மியூசியம் 2013ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை, போட்டியிலிருந்த லண்டனின் வானளாவிய ஷார்ட் கோபுரத்தை விட்டுவிட்டு இந்தத் தளத்துக்கே கொடுத்தது.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்தை மனதில் வைத்து அளந்த பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் வழிகிறது; வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரக் கொக்கியும் கீழ்வரியின் இகரச் சுழியும் உரசுகின்றன. மொழி எதுவானாலும் கண் பார்வை குறைந்தவர்களை மறக்கக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது உலகளாவிய அணுகல் வழிகாட்டி நெறி. வெள்ளைமேல் வெளிர் சாம்பலில் எழுதும் நவநாகரிகத் தளங்கள் அதில் தேறுவதில்லை.